தலைகீழாய்க் கிடந்த துவைகல்

பாறையில் வெள்ளை பெயிண்டால் எண் எழுதியிருந்தால் நெட்டேரிமேட்டில் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில், மேட்டுப்பாறைக்கு மேற்கே ஒதுங்கிக் கிடக்கும் காலனி அது. வீடுகள் எல்லாம் புறம்போக்கில் நிற்கின்றன. கரன்ட் மீட்டர் உண்டு, வீட்டு வரி ரசீது உண்டு, பட்டா மட்டும் இல்லை. பட்டா வாங்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் ஜோதிலட்சுமி வார்டு மெம்பர் தேர்தலில் ஜெயித்தாள். மனு தாலுகா ஆபீசில் இருந்தது. அந்த நிலத்துக்கு வேறொரு உபயோகம் இருக்கிறது என்று எவனாவது கிளப்பிவிட்டால் மனு அங்கேயே கிடந்து மட்கிவிடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கிழக்கே இருந்த அடுத்த காலனியில் அப்படித்தான் நடந்தது. முதலில் பைனாகுலரோடு சிலர் வந்தார்கள். பறவை எண்ணுகிறோம் என்றார்கள். டீ வாங்கிக் கொடுத்து, பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்துப் போனார்கள். அடுத்த மழைக்கு முன்னால் அளவுக்கல் வந்தது, அதற்குப் பின்னால் கம்பிவேலி வந்தது, மேய்ச்சல் நிலம் வேலிக்கு உள்ளே போனது. பறவை எண்ணியவர்களுக்கும் அளவுக்கல்லுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க ஒன்றுமில்லை என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

அதனால், ஆடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் வந்து பாறை முழுக்க நம்பர் போட்டிருக்கிறது என்று சொன்னதும் ஜோதிலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற லோகு, சவாரியை விட்டுவிட்டுக் கூடவே வந்தான். எண்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஓர் அம்புக்குறி.

"அம்பு ஊட்டப் பாத்து இல்லக்கா. அந்தாண்ட, கெழக்கப் பாத்துக் கீது" என்றான் லோகு.

"இன்னிக்கி அந்தாண்ட. நாளைக்கி இந்தாண்ட திருப்ப எம்மா நேரம் ஆவும்?"

பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் நின்றது. தொப்பி போட்ட ஒரு பெண், முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணுக்குப் பக்கத்தில் சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு கல்லை முகர்ந்து பார்ப்பதுபோல் குனிந்திருந்தாள். இடுப்பில் சுத்தியல். இவர்களைப் பார்த்ததும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, வணக்கம் சொன்னாள். பெயர் ஜெனிபர் என்றும், சென்னையில் ஒரு கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துவதாகவும் சொன்னாள். அடையாள அட்டையையும் நீட்டினாள். அட்டையில் இருந்த போட்டோவையும் அவள் முகத்தையும் ஜோதிலட்சுமி மாற்றி மாற்றிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அதனால் என்ன? பறவைக்காரர்களிடமும் அட்டை இருந்தது.

"இன்னாத்துக்கு நம்பர் போட்டுக்கினு கீறீங்க?"

"எந்த எடத்துல எந்த அடுக்குன்னு எனக்கு ஞாபகம் இருக்கணும்லக்கா, அதுக்குத்தான். சாதாரண பெயிண்ட். அம்பு, அடுக்கு சரியிற பக்கம்."

"கல்லுல அப்டி இன்னா பாக்குறீங்க?"

ஜெனிபர் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "அக்கா, இது கடற்கரை" என்றாள்.

லோகு சிரித்தே விட்டான். "கடலு பழவேற்காட்டுல கீது மேடம். இங்கேர்ந்து ரெண்டு பஸ் மாறணும். ராங் ரூட்ல வந்துட்டீங்க."

"இப்ப இல்லண்ணா. டைனோசர் காலத்துல. அப்ப அலை இங்க வந்து அடிச்சிருக்கு."

"அப்ப நான் ஆட்டோவ வித்துட்டுப் படகு வாங்கிருக்கணும்."

ஜெனிபரும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. பாறையின் ஒரு முனையை விரலால் தேய்த்தாள், மணல் உதிர்ந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ஆறு கொண்டுவந்து கொட்டும் மணலில் பெரிசு, சிறிசு, மண், குச்சி எல்லாம் கலந்து கிடக்கும், முனை கூராக இருக்கும் என்றாள். அலை அப்படியல்ல, உருட்டி உருட்டிச் சலித்து, ஒரே அளவாக, உருண்டையாக ஆக்கிவிடும். மண்ணைக் கழுவிக் கொண்டுபோய்விடும். அடுத்து, பாறையின் பக்கவாட்டில் பென்சில் கோடுபோல் ஓடிய கறுப்பு வரிகளைத் தொட்டுக் காட்டினாள். கனமான கறுப்பு மணலை அலை இழுக்க முடியாமல் விட்டுப் போன தடம். அடுக்குகள் படுத்துக்கிடக்காமல், கிழக்கே கொஞ்சமாய்ச் சரிந்திருப்பதைக் காட்டினாள். கரையின் சரிவு அது. கடைசியாக, பாறையில் செங்குத்தாக இறங்கிய விரல் கனக் குழாய்கள். வெளிப்புறம் கொட்டை கொட்டையாக இருக்கும். காலனிப் பிள்ளைகள் அதற்குப் பாறைச்சோளம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"இது ஒரு சாதி இறாலோட வளை. மணல்ல வளை தோண்டினா இடிஞ்சுடும்ல? அதனால சேத்த உருட்டி உருட்டிச் சுவத்துல ஒட்டும். அந்த உருண்டைதான் இது."

கதை நன்றாகத்தான் இருந்தது. ஜோதிலட்சுமிக்கு அதுதான் பிடிக்கவில்லை. பறவைக்காரர்களும் நன்றாகத்தான் பேசினார்கள். எந்தப் பறவை எந்த நாட்டிலிருந்து வருகிறது என்றெல்லாம் சொன்னார்கள்.

திரும்பும்போது லோகு கேட்டான்: "தின்னர் வாங்கியாரட்டுமா? ஒரே தொடப்புல நம்பர் எல்லாம் போயிடும்."

"இரு. மொதல்ல இந்தம்மா பீலா வுடுதா, நெசமா சொல்லுதான்னு பாக்கணும்."

அதற்கு ஒரு வழி அவளிடம் இருந்தது. நெட்டேரிமேட்டில் துணி துவைக்கும் கல் எல்லா வீட்டிலும் அந்தப் பாறையிலிருந்து பெயர்த்து வந்ததுதான். பாறையின் மேலடுக்குகளில் சில மட்டும் இரும்புக் கறை ஏறிக் கெட்டியாகி, பலகை பலகையாகக் கழன்று வரும். அவற்றில் அலை அலையாக வரி இருக்கும். சோப்பு போட்டுத் தேய்க்க அதைவிட நல்ல கல் கிடையாது. அந்தக் கல்லைப் பற்றிக் காலனிப் பெண்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. அதை வைத்துத்தான் ஜோதிலட்சுமி கண்ணி போட்டாள்.

மறுநாள் ஜெனிபரை வீட்டுக்கு டீ குடிக்கக் கூப்பிட்டாள். தம்ளரைக் கொடுத்துவிட்டு, பின்கட்டுக்கு அழைத்துப்போய்த் துவைகல்லைக் காட்டினாள்.

"இதும் அந்தப் பாறைதான். எப்டி இருந்துச்சோ அப்டியே எடுத்தாந்து போட்டோம். இதுலயும் எதுனா கடலு தெரியிதா, பாருங்க."

ஜெனிபர் தம்ளரைக் கீழே வைத்தாள். கல்லின் வரிகளில் விரலை ஓட்டினாள். மேடு தடித்து உருண்டிருந்தது, பள்ளம் கீறினாற்போல் கூர்மையாக இருந்தது. இன்னொரு தரம் ஓட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. அப்படியே எடுத்துப் போடல. இது தலைகீழாக் கிடக்கு."

ஜோதிலட்சுமி முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "எப்டிச் சொல்றீங்க?"

"அலை முன்னயும் பின்னயும் ஆடி மணல்ல வரி போடுறப்ப மேடு கூராவும் பள்ளம் அகலமாவும்தான் அமையும். இங்க மாறி இருக்கு. வரி விழுந்த மணலுக்கு மேல அடுத்த மணல் வந்து படிஞ்சு அச்சு எடுத்திருக்கு. அந்த அச்சோட அடிப்பக்கம் இது. யாரோ திருப்பிப் போட்டிருக்காங்க."

யாரோ இல்லை. காலனியில் எல்லாருமே அப்படித்தான் போட்டிருந்தார்கள். கூரான மேடு மேலே இருந்தால் புடவை நூல் பிய்ந்துவிடும். கல்லைப் புரட்டி, உருண்டை மேடு மேலே வருகிற மாதிரி போட வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே ஜோதிலட்சுமி ஒரு நல்ல புடவையைக் கிழித்துக்கொண்டு கற்ற பாடம். வெளியூர்க்காரிக்கு அது தெரிய வழியே இல்லை.

ஆக, இவளுக்குக் கல் தெரிகிறது. அதுவரைக்கும் சரி. கல் தெரிந்தவள் எதற்கு வந்திருக்கிறாள் என்பது பாக்கி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜோதிலட்சுமி தன் வீட்டுக்காரன் பாக்கியராஜைக் கிளப்பிக்கொண்டு, நிஜக் கடற்கரையைப் பார்த்துவிடப் பழவேற்காட்டுக்குப் போனாள். பாக்கியராஜுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கி வார்க்கிற கம்பெனியில் வேலை. உருகிய இரும்பை ஊற்றுவதற்கு மணலில் அச்சு எடுக்கிற பிரிவு. கிடைப்பது ஒருநாள் லீவு, அதிலும் பஸ் ஏற்றிவிட்டாளே என்று வழியெல்லாம் முனகினான்.

"வாரம் பூரா மணலுலதான் வேகுறேன். லீவுலயும் மணலா?"

"மீன் வறுத்துத் தர்றேன், வா."

பாலத்தைத் தாண்டும்போது ஏரி கறுத்துக் கிடந்தது. கரையோரச் சேற்றில் நாரைகள் கால் புதைய நின்றன. அதற்கப்பால் மணல்திட்டு, திட்டுக்கு அப்பால் கடல். ஜோதிலட்சுமி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடந்தாள். கரை கடலைப் பார்த்து லேசாகச் சரிந்திருந்தது. அலை திரும்பிப் போனபோது கறுப்பு மணல் கோலமாவு சிந்தினாற்போல் வரி வரியாக நின்றது. தண்ணீரோரம் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். ஒன்றைச் சுற்றிக் கிளறினாள். உதிர்ந்துவிடாமல் சேற்றுச் சுவரோடு ஒரு துண்டு கையில் வந்தது. கொட்டை கொட்டையாக. பாறைச்சோளமேதான், பச்சையாக.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லல" என்றாள் வாய்விட்டு.

பாக்கியராஜ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உலர்ந்த மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தான். அவன் கைக்குப் பழக்கம் அது.

"நம்ம பாறையும் இதே மாதிரின்னு சொல்லுச்சா அந்தம்மா? ஒரே சைஸு, உருண்ட, மண்ணு இல்லாம?"

"ஆமா."

"அப்டி மணலுக்குத்தான் எங்க கம்பெனில அடிச்சுக்குவானுங்க. அச்சு உடையாம நிக்கும். எங்கேர்ந்தோ லாரி லாரியா வருது."

அவன் அதைச் சும்மா சொன்னான். அவள் கையிலிருந்த சேற்றுத் துண்டைக் கீழே போட்டுவிட்டாள். பொய் சொல்லியிருந்தால் பயமில்லை, துரத்திவிடலாம். உண்மை சொன்னாள் என்றால் பாறை முழுக்க லாரியில் அள்ளிப்போகிற மணல். லாரி வந்தால் பாறையோடு நிற்குமா? வழியில் இருக்கிற வீடுகள்? பட்டா இல்லாத வீடுகள்?

பஸ்ஸில் திரும்பும்போது அவள் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். கம்பெனியில் மணலைச் சலித்துப் பார்க்கிற அறை ஒன்று இருக்கிறது என்று பாக்கியராஜ் சொல்லியிருந்தான். "பாறையிலேர்ந்து ஒரு துண்டு எடுத்துக்கினு போ. அது மாதிரியா, வேற மாதிரியான்னு சும்மா கேட்டுக்கினு வா. அப்பதான் இந்தப் பொண்ணு எதுக்கு வந்துச்சின்னு வெளங்கும்." சந்தேகம் வந்தால் தீர விசாரித்துவிட வேண்டும் என்பது அவள் குணம். அதற்காகவும்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

பாக்கியராஜ் கொண்டுபோனான். மணல் அறையில் இருந்த சாம்சன் கல்லை நுணுக்கி, கழுவி, சலித்துப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, சூப்பரா கீது! எங்க புடிச்ச?" என்றான். இத்தனை வருட சர்வீசில் பாக்கியராஜைப் பார்த்து அந்த அறையில் யாரும் சூப்பர் என்று சொன்னதில்லை. "எங்க ஊரு பாறைதான்" என்று அவன் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தான். அதையும் அன்றைக்குச் சாயங்காலம் பெருமையாகவே ஜோதிலட்சுமியிடம் சொன்னான். அவள் எழுந்து தட்டைக் கழுவப் போனாள்.

அந்த வாரமே வெள்ளை நிற ஜீப் ஒன்று காலனிக்குள் நுழைந்தது. சட்டைப் பையில் இரண்டு போன் வைத்திருந்த ஒருவன் இறங்கி, பெயர் தணிகாசலம் என்றும், கம்பெனிகளுக்கு மணல் சப்ளை செய்வதாகவும் சொன்னான். "உங்க ஊர்ல ஏதோ நல்ல மணல்பாறை கீதாமே?"

ஜோதிலட்சுமி வெளியே வருவதற்குள் விஷயம் முற்றிவிட்டது. ஜெனிபரின் ஸ்கூட்டர் மரத்தடியில் நின்றிருந்தது. லோகு அதன் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் பெண்கள். ஜெனிபர் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நல்லா கதை வுட்டீங்க மேடம். டைனோசராம், இறாலாம். ஆளக் கூட்டியாந்துட்டீங்கல்ல? எம்மா துட்டு குடுத்தான்?"

"அண்ணா, சத்தியமா அவர் யாருன்னே எனக்குத் தெரியாது."

"பறவைக்காரனும் இப்டித்தான் நல்லவனாட்டம் பேசுனான்!"

ஜோதிலட்சுமி கதவருகிலேயே நின்றாள். பேசாமல் இருந்தால் போதும். பழி வெளியூர்க்காரியோடு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விடும். பேசினால் அடுத்த தேர்தலில் அவள் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். ஜீப்காரன் அதற்குள் பாறைப் பக்கம் தலையைத் திருப்பியிருந்தான். இங்கே கல்லைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளை இவர்கள் துரத்திவிட்டால், அவனுக்கு யார் பதில் சொல்வது?

அவள் லோகு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சாவியக் குடு. கல்லு எங்க ஊட்லேர்ந்துதான் கம்பெனிக்குப் போச்சு. நான்தான் குடுத்தனுப்பிச்சேன்."

லோகு அவளை வெறித்தான். "அக்கா, நீயா?"

"அப்புறம் எவ்ளோ வேணாலும் திட்டு. இப்ப அந்த ஆள மேல ஏற வுடாத."

சாவி கைமாறியது. தணிகாசலம் ஒன்றும் கேட்காதவனாக நடந்துகொண்டே வந்து, ஜோதிலட்சுமி வீட்டுப் பின்கட்டு வரை போய்விட்டான். அங்கே தரையில் காலால் கிளறி, ஒரு துண்டை எடுத்து நசுக்கினான். சாம்பல் நிறத்தில் மாவாக வழுக்கியது. முகம் சுளித்தான்.

"களிமண்ணால்ல கீது." பிறகு ஜெனிபரின் சுத்தியலைப் பார்த்தான். "மேடம், நீங்க ஜியாலஜியா? இங்க இன்னா கீது?"

காலனியே ஜெனிபரின் வாயைப் பார்த்தது. அவள் ஜோதிலட்சுமியைப் பார்த்தாள். ஜோதிலட்சுமிக்குப் பழவேற்காட்டுப் பாலமும், மணல்திட்டுக்கு இந்தப் பக்கம் கறுத்துக் கிடந்த ஏரிச்சேறும் ஞாபகம் வந்தன. மழை பெய்தால் வீட்டைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் வாரக்கணக்கில் நிற்பதும், பாறைமேட்டில் மட்டும் உடனே உறிஞ்சிக்கொள்வதும் ஞாபகம் வந்தன. வீடுகளுக்குக் கீழே இருப்பது அந்த மாதிரிச் சேறுதான், பொய் சொல்லத் தேவையில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அது அந்தப் பெண்ணுக்குத் தோன்ற வேண்டுமே என்று நினைத்தாள்.

"நீங்க நிக்கிற எடம் பழைய உப்பங்கழி சார்" என்றாள் ஜெனிபர் நிதானமாக. "சேறு இறுகிக் கல்லானது. காலனி முழுக்க இதுதான். இலை அச்சு கிடைக்கும், மணல் கிடைக்காது."

"அப்ப கம்பெனில பாக்கியராஜ் குடுத்த கல்லு?"

"ரோடு போடுற லாரிலேர்ந்து வுழுந்துருக்கும்" என்றாள் ஜோதிலட்சுமி. "எங்க ஊட்டுக்காரரு கண்டதையும் பொறுக்கிக்கினு வருவாரு."

தணிகாசலம் நம்பவில்லை என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கண்ணைச் சுருக்கி மேட்டைப் பார்த்தான். "மேல வெள்ளையா நம்பர் தெரியிதே, அது இன்னா?"

யாரும் எதிர்பார்க்காமல் லோகு முந்திக்கொண்டான். "பொதைச்ச எடம் சார். எங்காளுங்க நம்பர் போட்டுத்தான் பொதைப்போம். போன வாரம்கூட ஒண்ணு. வாங்க, காட்டுறேன். வெறுங்கால்ல ஏறணும், திரும்பி வந்து தல முழுவணும், அவ்ளோதான்."

தணிகாசலம் தன் ஷூவைப் பார்த்தான். ஒரு போன் அடித்தது. எடுத்துப் பேசியபடியே ஜீப்புக்கு நடந்தான். போகிற வழியில், சோப்புநுரை காயாத துவைகல்லின் பக்கத்தில் ஒரு நொடி நின்றான். ஜோதிலட்சுமி சட்டென்று வாளியிலிருந்த புடவையை அள்ளிக் கல்லின் மேல் போட்டு, தண்ணீர் அவன் மேல் தெறிக்கிற மாதிரி ஓங்கி ஓர் அடி அடித்தாள். அவன் பின்வாங்கிப் போனான். ஜீப் திரும்பும்போது கண்ணாடி வழியே இன்னொரு தரம் மேட்டைப் பார்த்தான்.

"திரும்பி வருவான்" என்றாள் ஜெனிபர்.

"வருவான்."

வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேரும் தின்னரும் கந்தல் துணியுமாகப் பாறைக்குப் போனார்கள். எண்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்கள். அம்புகளையும் துடைத்தார்கள். கறுப்பு வரிகளும் பாறைச்சோளமும் மட்டும் மிஞ்சின. அவற்றை எந்தத் தின்னராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"எல்லாம் போச்சே, ஒனக்கு எடம் எப்டித் தெரியும்?" என்று கேட்டாள் ஜோதிலட்சுமி. சாவியை வாங்கிக் கொடுத்ததிலிருந்து 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"போன்ல இருக்குக்கா. ஒவ்வொரு நம்பருக்கும் மேப்ல புள்ளி வெச்சிருக்கேன்."

ஜோதிலட்சுமியின் கை நின்றது. இவ்வளவு நேரம் துடைத்தது வெறும் பெயிண்ட்.

"கட்டுரை எழுதுவேன்" என்றாள் ஜெனிபர். "ஊர் பேரும் மேப்பும் போட மாட்டேன். அப்படி மறைச்சு எழுதற வழக்கம் இருக்கு. பட்டா வர்ற வரைக்குமாவது யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

"ஒன்ன நம்பலாமா?"

"அது நீங்கதான் சொல்லணும்."

ஜோதிலட்சுமி ஜெனிபரின் கையிலிருந்த கந்தலையும் வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டர் வரைக்கும் கூடவே வந்தாள். மீன் கிடைத்தால் அடுத்த வாரம் சாப்பிட வரச் சொன்னாள். உண்மையாகவேதான் சொன்னாள். ஸ்கூட்டர் மண்பாதையில் இறங்கித் திரும்பும்போது, அதன் நம்பர் பிளேட்டைக் கண்ணால் பிடித்து, மறந்துவிடாமல் இருக்க இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.